எங்கள் நிலவேம்பும் அவர்கள் நிலவேம்பும்

“இது நிலவேம்பு இல்லை, தம்பி. வேற ஏதோ பூண்டு.”

சொன்னவர் யாழ்ப்பாணத்திலிருந்து மகளுக்குக் கூறை எடுக்க வந்த ஓர் அம்மா. சந்தவாசலில் தறி வீட்டுக்கு வருகிறவர்கள் சேலையைக் குறை சொல்வது புதிதல்ல. ஜரிகை மங்கல், முந்தி சின்னது, கரை எடுப்பாக இல்லை என்றெல்லாம் சொன்னால் விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்வோம். வந்த இடத்தில் உடம்பு சுடுகிறதே என்று என் அம்மா காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தை ஒரு மிடறு குடித்துவிட்டு, கசப்புக்குக்கூட முகம் சுளிக்காமல், செடியே தப்பு என்று தீர்ப்புச் சொன்னவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கூடவே இன்னொன்றும் சொன்னார்: “நீங்கள் தூளைக் கரைச்சுப்போட்டுக் குடிநீர் எண்டுறியள். எங்கட அப்பா பரியாரியார். சரக்கை முழுசாப் போட்டு, எட்டொண்டா வத்தவைச்சுத்தான் தருவார்.”

அம்மா பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கூறையின் விலை இன்னும் முடிவாகியிருக்கவில்லை.

குற்றச்சாட்டு இரண்டு: ஒன்று செடி, மற்றது காய்ச்சும் முறை. செடியிலிருந்து தொடங்குகிறேன்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் கண்ணமங்கலம் தாண்டினால் எங்கள் ஊர். இங்கிருந்து திரும்பினால் படவேடு, ரேணுகாம்பாள் கோயில், அதற்குப் பின்னால் ஜவ்வாதுமலை. மழைக்குப் பிறகு நிழல் விழுகிற மேட்டோரங்களில் நிலவேம்பு தானாக முளைக்கும். தண்டு நாலு பட்டையாக இருக்கும்; விரலிடையில் வைத்து உருட்டினால் முனைகள் தட்டுப்படும். மெல்லிய இலை, ஊதாக்கோடு இழுத்த சின்ன வெள்ளைப் பூ, முற்றினால் இரண்டாக வெடிக்கிற ஒல்லிக் காய். வேர் முதல் நுனி வரை கசப்பு. தாவரவியலில் ஆண்ட்ரோகிராஃபிஸ் பேனிகுலேட்டா. தமிழ்நாட்டில் எந்தச் சித்த மருத்துவரிடம் கேட்டாலும் நிலவேம்பு என்றால் இதைத்தான் காட்டுவார்.

அந்த அம்மா சொன்னதும் பொய்யல்ல. இலங்கையில் சிங்களவர்கள் ஒரு செடியைப் ‘பின்கொஹொம்ப’ என்கிறார்கள். பின் என்றால் தரை, கொஹொம்ப என்றால் வேம்பு. அங்குள்ள தமிழர் அதையே நிலவேம்பு என்கிறார்கள். ஆனால் அந்தச் செடி முன்ரோனியா பின்னேட்டா. ஒரு சாண் உயரம்தான் வளரும், வெள்ளையாகப் பூக்கும், வேப்பமரக் குடும்பத்தையே சேர்ந்தது. எங்களுடையதோ ஆடாதொடையின் குடும்பம். குலம் கோத்திரம் பார்த்தால் வேம்பு என்ற பெயருக்கு அவர்கள் செடிக்கே உரிமை கூடுதல். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

எங்கள் செடி அங்கேயும் உண்டு. அதற்கு வைத்திருக்கும் பெயர்தான் உறுத்துகிறது: ‘ஹீன் பின்கொஹொம்ப’. ஹீன் என்றால் சின்ன. இடுப்பளவு வளர்கிற எங்கள் செடி சின்னதாம், சாண் உயரச் செடி பெரியதாம்! அசல் கிடைக்காதபோது அதன் இடத்தில் போடுகிற மாற்றுச் சரக்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அசல் எப்போதும் கிடைப்பதில்லை என்பதுதான் விஷயம். காட்டிலிருந்து வேரோடு பிடுங்கிப் பிடுங்கி முன்ரோனியா அரிதாகி, இலங்கையில் மிக விலை உயர்ந்த மூலிகைகளில் ஒன்றாகிவிட்டது. காய்ச்சல் ஏழை வீட்டுக்கும் வருகிறது. கூலித்தறி நெய்கிறவன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாத மருந்து எவ்வளவு அசலாக இருந்து என்ன பயன்? எங்கள் நிலவேம்பு களைபோல முளைக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

இன்னொரு பெருமையும் உண்டு. 2012 வாக்கில் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது அரசாங்கமே நிலவேம்புக் குடிநீரைக் காய்ச்சி ஊற்றியது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. பிறகு கட்சிக்காரர்கள், ரசிகர் மன்றங்கள், கோயில் கமிட்டிகள் எல்லாரும் பேருந்து நிலையத்தில் அண்டா வைத்தார்கள். 2017 அக்டோபரில் கமல்ஹாசன், முறையான ஆய்வு முடிகிற வரை விநியோகிக்க வேண்டாம் என்று தன் நற்பணி மன்றத்தாரைக் கேட்டுக்கொண்டபோது எழுந்த சத்தம் நினைவிருக்கும். ஒரு கசப்புக் கஷாயத்துக்காக மாநிலமே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது. அதே 2017-இல் இலங்கையில் 1,86,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு கண்டது. அங்கே பப்பாளி இலைச் சாறு பிழிந்து குடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன்; தெருவில் அண்டா வைத்ததாக யாரும் சொல்லவில்லை.

அண்டாவிலும் குறை உண்டு. சித்த மருத்துவத்தில் சாறு, குடிநீர், கற்கம் போன்றவற்றின் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். காலை ஆறு மணிக்குக் காய்ச்சியதைப் பகல் ஒரு மணி வரை ஊற்றினால் அதை மருந்து என்று எப்படிச் சொல்வது? எங்கள் ஊரிலும் அப்படி ஊற்றினார்கள். கர்ப்பிணிப் பெண்ணுக்கு நிலவேம்பு ஆகாது என்று வரிசையில் நின்றவர்களிடம் யாரும் சொல்லவுமில்லை.

இனி இரண்டாவது குற்றச்சாட்டு. எங்கள் கணக்கு: ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் குடிநீர்ச் சூரணத்தை 240 மில்லி தண்ணீரில் போட்டு 60 மில்லியாக வற்றவைப்பது. நாலில் ஒன்று. 2020-இல் வீடு வீடாகக் கொடுத்த பதினைந்து சரக்குக் கபசுரக் குடிநீருக்கும் இதே கணக்குதான். இலங்கையின் பழைய கணக்கு வேறு. எல்லாச் சரக்கும் சேர்த்துப் பன்னிரண்டு களந்த, அதாவது நம் கழஞ்சு. மொத்தம் சுமார் 60 கிராம். எட்டுப் பத்த தண்ணீர் ஊற்றி ஒரு பத்தயாக வற்றவைக்க வேண்டும். பத்த என்பது சுமார் 240 மில்லி. யாழ்ப்பாணத்துப் பரியாரியார், அதாவது அந்த அம்மாவின் வைத்தியர் அப்பா, வைத்த எட்டொன்று இதற்குச் சொந்தம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு மிடறுக்கு எங்களுடையதைவிட மூன்று மடங்கு சரக்கு அவர்கள் குவளையில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு அவர்களுடையதுதான் பலமான மருந்து என்று யாரும் துள்ள வேண்டாம். முழுக் காம்பையும் வேரையும் போட்டால் சத்து இறங்க நேரமாகும். அதனால் தண்ணீரும் அதிகம், சரக்கும் அதிகம். இடித்துப் போட்டால் சீக்கிரம் இறங்கும்; குறைந்த சரக்கே போதும். பட்டுநூல் சாயத்தொட்டியில் நான் பார்த்து வளர்ந்த விஷயம் இது: கடுக்காயை முழுசாகப் போட்டு நாள் முழுக்க வேகவைத்தாலும் இறங்காத துவர்ப்பு, உடைத்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும்.

ஆனால் உடைப்பது வேறு, மாவாக்குவது வேறு. ‘ஒன்றிரண்டாக இடித்து’ என்பதுதான் எங்கள் ஏட்டு வழக்கு. என் அம்மா இப்போதும் உரலில் அப்படித்தான் இடிக்கிறாள். விரலில் எடுத்தால் நெருடும். ராத்திரி ஊறவைத்து, காலையில் மண்சட்டியில் ஏற்றுவாள். முதலில் கஷாயம் எந்த அளவில் நிற்க வேண்டுமோ அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு ஈர்க்குச்சியை நட்டு, ஈரம் நின்ற இடத்தில் நகத்தால் கீறுவாள். பிறகு மீதி மூன்று பங்குத் தண்ணீரையும் சேர்த்துச் சிறுதீயில் வைத்துவிட்டு, நடுநடுவே குச்சியை விட்டுப் பார்ப்பாள். கீறலுக்குத் தண்ணீர் இறங்கியதும் அடுப்பை அணைத்துவிடுவாள். கடையில் பாக்கெட்டில் வருவது டால்கம் பவுடர் மாதிரி இருக்கிறது. அடியில் பிடித்துக்கொள்கிறது, துணியில் வடிகட்டினால் கஞ்சிபோலப் பிசுபிசுக்கிறது. அந்த அம்மா வந்த அன்று உரல் எடுக்க நேரமில்லாமல் பாக்கெட்டைத்தான் பிரித்தோம் என்பதை இங்கே போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

சரக்குகளின் பெயர்கள் தனிச் சுவை. ஆரணி மளிகைக் கடையில் தனியா, சுக்கு, சீரகம், பூண்டு, பனைவெல்லம் என்று கேட்போம். யாழ்ப்பாணத்தில் மல்லி, வேர்க்கொம்பு, நற்சீரகம், உள்ளி, பனங்கட்டி. வேர்க்கொம்பு என்று அந்த அம்மா சொன்னபோது ஏதோ காட்டுவேர் என்று நினைத்தேன், பார்த்தால் சுக்கு! சிங்கள வீடுகளில் சளி காய்ச்சலுக்கு முதலில் அடுப்பேறுவது ‘பஸ் பங்குவ’, ஐந்து பங்கு: மல்லி, வேர்க்கொம்பு, கண்டங்கத்தரி, மரமஞ்சள், பற்படாகம். எல்லாம் நமக்குத் தெரிந்த பெயர்தானே என்று தோன்றும். ஆனால் பற்படாகம் என்ற பெயரில் எங்கள் சித்த மருந்துகளில் சேர்வது மொல்லுகோ செர்வியானா என்ற ஊசி இலைப் பூண்டு. இலங்கையில் அதே பெயரில் சேர்வது ஹெடியோட்டிஸ் இனம். வடஇந்தியாவில் பர்ப்பட என்று விற்பது இரண்டுமில்லாத மூன்றாவது. ஏட்டைப் பார்த்து ஊர் விட்டு ஊர் மருந்து வாங்குகிறவர்கள் செடியையும் பார்த்து வாங்க வேண்டும். மரமஞ்சளும் அப்படித்தான்: இலங்கையில் வெனிவெல் கொடி, நம் கடைகளில் அதே பெயரில் சில நேரம் நீலகிரி ஊசிக்களா வேரும் வந்துவிடுகிறது.

இவ்வளவு நேரம் தண்ணீரைப் பற்றியே பேசினேன். செடியின் சத்தைத் தண்ணீர் மட்டும் இறக்குவதில்லை. மரமஞ்சளின் மஞ்சள் சத்து வெந்நீரில் நன்றாக இறங்கும். நிலவேம்பின் முக்கியக் கசப்புச் சத்தான ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் அரைகுறையாகத்தான் கரையும், சாராயத்தில் நன்றாகக் கரையும். வெள்ளைக்காரன் சாராயத்தில் ஊறவைத்து டிங்சர் போட்டான். 1900-இல் பிரிட்டிஷ் மருந்துநூலுக்கு இந்தியாவுக்கும் குடியேற்ற நாடுகளுக்குமாக ஒரு பிற்சேர்க்கை வெளியிட்டார்கள். அதில் எங்கள் நிலவேம்பு டிங்சரும் இலங்கையின் மரமஞ்சள் டிங்சரும் ஒரே நூலில் இடம்பிடித்தன. ஆடாதொடையும் சீந்திலும்கூட அதில் உண்டு. கவனிக்க: நிலவேம்பு என்று அவர்கள் எடுத்துக்கொண்டது ஆண்ட்ரோகிராஃபிஸை, முன்ரோனியாவை அல்ல.

டிங்சர் நம் பக்கம் பெயர் கெட்டுப்போனதற்கு ஒரு கதை உண்டு. 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் வந்தது, 1971-இல் நீங்கியது. அந்தக் காலத்தில் வயிற்று உப்புசத்துக்கான இஞ்சி டிங்சர், ‘ஜிஞ்சர்’ என்ற செல்லப் பெயரில், குடிகாரர்களின் தஞ்சமாயிற்று. வயிற்றுவலி என்று மருந்துக்கடைக்குப் போனவன் தள்ளாடித் திரும்பி வந்த கதைகளைப் பெரியவர்கள் இப்போதும் சொல்வார்கள். டிங்சர் என்றால் எங்கள் ஊரில் இன்றைக்குக் காயத்துக்குத் தடவுகிற அயோடின் மட்டும்தான். ஹோமியோபதிக்காரர்கள் மட்டும் மதர் டிங்சரைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டுக் கொடுக்கிறார்கள்.

புளிக்கவைத்த மருந்தான அரிட்டம் தப்பித்துக்கொண்டது. அதில் சாராயத்தை யாரும் ஊற்றுவதில்லை. கஷாயத்தில் வெல்லமும் தாதகிப்பூவும் போட்டு வாய் மூடி மாதக்கணக்கில் புளிக்கவிட்டால் சாராயம் தானாக உண்டாகிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தசமூலாரிட்டம் கொடுப்பது இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் அது ஆயுர்வேதச் சொத்து. சித்தரின் அகமருந்து முப்பத்திரண்டில் அரிட்டம் கிடையாது; மணப்பாகு உண்டு, தேனூறல் உண்டு, வாலையில் வடிக்கிற தீநீர் உண்டு. குழந்தைக்கு வயிறு உப்பினால் வாங்குகிற ஓமவாட்டர் அந்தத் தீநீர்தான். சாராயம் இல்லாமலே சத்து இறக்கும் வழி நம்மிடம் இத்தனை இருந்தது என்பதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும். பரராசசேகரம், செகராசசேகரம் என்று அவர்களுடைய அரசர் பெயர் தாங்கிய வைத்திய நூல்கள் உண்டு. 1847-இல் வந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார். 1875-இல் ‘கெமிஸ்தம்’ என்று ரசாயனத்தைத் தமிழில் அச்சிட்டார். அதே காலத்தில் சென்னையில் முகைதீன் ஷெரீஃப் நம் மருந்துச் சரக்குகளை ஆராய்ந்து எழுதிய அருமையான நூல் 1891-இல் வெளிவந்தது, ஆனால் ஆங்கிலத்தில். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். கிரீன் யாழ்ப்பாணத்தார் அல்ல என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

பெயர் என்று வந்தால் நாங்கள் ஒரு படி மேலே. இலங்கையின் 1961-ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தில் ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள்ளேயே சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை எல்லாவற்றையும் அடக்கிவிட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984-லிருந்து சித்த மருத்துவம் சொல்லிக்கொடுக்கிறது, கைதடியில் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனாலும் சட்டத்தின் கதவில் மாட்டியிருக்கும் பலகை ஆயுர்வேதம்தான். இங்கே 1964-இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி, 2005-இல் தாம்பரம் சானட்டோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், ஆயுஷ் என்ற பெயரிலேயே சித்தத்துக்கென்று ஓர் எழுத்து. அங்கே சித்தத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள் இவ்வளவு துணை இல்லாமல் காப்பாற்றுகிறார்கள் என்றும் இதைப் படிக்கலாம். அந்த அம்மாவின் குரலில் இருந்த கறார் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது.

அந்தக் கறாரைச் சேலை விஷயமாகக் கொழும்புக்குப் போனபோது நானும் பார்த்தேன். செட்டியார் தெருவில் வேலை. அதற்கு வெளியே சுற்ற நேரம் அதிகம் கிடைக்கவில்லை. புறக்கோட்டையில் காபோஸ் லேன் என்று ஒரு சந்து முழுக்க மூலிகைக் கடைகள். மருந்துத் துண்டைக் கொடுத்தால் கடைக்காரர் தராசில் சரக்கு சரக்காக நிறுத்துத் தாளில் குவிக்கிறார். எல்லாம் முழுசாக, காம்பும் வேரும் பட்டையுமாக. பொடி கேட்டால்தான் பொடி. வாங்குகிறவர் ஒவ்வொன்றையும் எடுத்து முறித்துப் பார்க்கிறார். அந்தப் பழக்கம் நம் ஊரில் குறைந்துவிட்டது. காலையில் சாப்பாட்டுக் கடையில் வல்லாரையோ சாத்தாவாரியோ அரைத்துத் தேங்காய்ப்பால் விட்ட கொலகந்த விற்கிறார்கள், தமிழர் சொல்லும் இலைக்கஞ்சி. கடித்துக்கொள்ள ஒரு துண்டுக் கருப்பட்டி. நன்றாக இருந்தது. நம் ஆவாரம்பூ அங்கே ‘ரணவரா’ என்று தேநீராகிறது. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற சிறுபீளை ‘பொல்பல’ என்று கட்டுக்கட்டாக விற்கிறது, நீர்க்கடுப்புக்குக் குடிக்கிறார்கள். நன்னாரி அவர்களுக்கு ‘இரமுசு’. கொதிக்கவைத்த தண்ணீராகக் குடிக்கிறார்கள். எலுமிச்சை பிழிந்து ஐஸ் போட்ட ஆரணி நன்னாரி சர்பத்தை அவர்கள் ஒருமுறை குடித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் சொல்வேன்.

அவர்கள் கஷாயத்தில் கறார், பாணி மருந்தில் ஏமாளி. 2020 டிசம்பரில் கேகாலையில் தம்மிக்க பண்டார என்பவர், காளி அருளியதாகச் சொல்லித் தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணியைக் கரோனாவுக்குக் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பகிரங்கமாக வாங்கிக் குடித்தார். அடுத்த மாதமே அவருக்குத் தொற்று. இதை ஆரணியில் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அதே 2020-இல் நம் பக்கம் கரோனாவுக்கு மருந்து கண்டுபிடித்ததாகச் சொன்ன ஒருவரைச் சென்னைப் போலீஸ் பிடித்ததையும், வடக்கே ஒரு பெரிய நிறுவனம் மாத்திரைப் பெட்டியோடு மேடை ஏறியதையும் அப்போது யாரும் நினைவுபடுத்தவில்லை.

பழைமையிலும் இதே இழுபறிதான். மிகிந்தலையில் ஒன்பதாம் நூற்றாண்டு ஆஸ்பத்திரி இருந்த இடத்தில், ஆள் படுக்கிற அளவுக்குக் குடைந்த கல் மருந்துத் தொட்டி கிடக்கிறது. மூலிகைக் கஷாயத்தில் நோயாளியைக் கிடத்துவார்களாம். காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு, பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலையைச் சொல்கிறது. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலே அதில் இருக்கிறது, வாசாஹரீதகி உட்பட. ஆடாதொடையும் கடுக்காயும் சேர்ந்த மருந்து அது. ஜவ்வாதுமலைக் கடுக்காய் அந்தச் சாலைக்குப் போயிருக்குமா என்று கேட்டால் போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

காபோஸ் லேன் மூட்டைகளில் நிறைய இந்தியச் சரக்கு. மல்லியிலிருந்து திப்பிலி வரை உலர்ந்த மூலிகைக்கு இலங்கை பெரிதும் நம்மையே நம்பியிருக்கிறது. இங்கேயும் மரமஞ்சள் கொடி அழிகிற நிலையில் இருக்கிறது. அங்கேயும் முன்ரோனியாவைக் காட்டில் பிடுங்குவதை விட்டுத் தோட்டத்தில் வளர்க்க முயல்கிறார்கள். வளர்ந்து விலை இறங்கட்டும். காபோஸ் லேனிலிருந்து ஒரு பிடி வரவழைத்து, அம்மாவின் சட்டியில், நாலொன்றாக ஒருமுறை எட்டொன்றாக ஒருமுறை காய்ச்சிப் பார்க்கலாம். எங்கள் ஊர்க் கடையில் அதுவரைக்கும் ஆண்ட்ரோகிராஃபிஸ் கட்டுதான் தொங்கும். நிலவேம்பு என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.